நான்காவது திரொம்போன்

மொன்றியலில் நான் தொலைத்தவை இரண்டு. ஒன்று, இடது கைக்குரிய கம்பளிக் கையுறை. மற்றது ஒரு திரொம்போன்காரர். கையுறை மெட்ரோவில் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. திரொம்போன்காரரைத் தொலைத்ததும் நான்தான், தேடிப் பிடித்ததும் நான்தான்.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அகதியாகப் போன என் மருமகன் அருள், ஒரு வருடம் கழித்து என் மகள் ரஞ்சினியையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டான். அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்ததும் போய்ப் பார்த்துவர வேண்டியதாயிற்று. என் மனைவிக்கு முழங்கால் வருத்தம். அதனால் மட்டக்களப்பிலிருந்து என்னையும், ஐந்து கிலோ மிளகாய்த்தூளையும், சரக்குத்தூளையும், ஒரு பிட்டுக்குழலையும் அனுப்பிவைத்தாள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பிட்டுக்குழலைக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்தார். நானும் மறுபக்கத்தால் அவரைப் பார்த்தேன். போகலாம் என்று கையைக் காட்டினார்.

மகள் இருந்தது வில்லரேயில், ஒரு மூன்றுமாடி வீட்டின் உச்சியில். வீட்டுக்குள் இருக்க வேண்டிய படிக்கட்டை இங்கே வெளியே வைத்திருக்கிறார்கள். அதுவும் இரும்பில், அதுவும் சுழன்று சுழன்று. பனி கொட்டும் நாட்டில் இப்படி ஒரு யோசனை யாருக்கு வந்ததோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன். எண்ணினால் விழமாட்டேன் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. கணித ஆசிரியனாகவே கிழவனானவனுக்கு வேறு என்ன பிடிமானம்?

மூன்றாவது வியாழக்கிழமை பின்னேரம் அருள் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டான்.

"மாமா, இண்டைக்குக் கோயில்ல பாட்டுப் பழக்கம். வாறீங்களா? வீட்டுக்குள்ளயே இரிந்து அலுத்துப் போயிரிப்பீங்க."

"கோயில் சூடா இரிக்குமா?"

"மேல பாடகர் மாடம் சூடுதான் மாமா. சூடு மேலதானே போகும்."

அந்தக் கத்தோலிக்கக் கோயிலில் ஆயிரம் பேர் இருக்கலாம். முந்திய ஞாயிறு பூசையில் நான் எண்ணியது அறுபத்து மூன்று தலை, பெரும்பாலும் கம்பளித் தொப்பி போட்ட கிழவிகள். பாடகர் குழுவில் ஆண்கள் மட்டும், பதினொரு பேர். குழுத் தலைவர் முசியே கஸ்தோன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் கையசைக்கும்போது ஸ்டியரிங் திருப்புவது போலவே இருந்தது. அருள் ஒருவன்தான் தமிழன். உணவகத்தில் கோப்பை கழுவும்போது பாடியதைக் கேட்டு, அங்கே சாப்பிட வந்த கஸ்தோன் கையோடு பிடித்துக்கொண்டு வந்தாராம்.

கஸ்தோன் பாட்டுத் தாளை எல்லாருக்கும் கொடுத்தார். மரியாதைக்கு எனக்கும் ஒன்று தந்தார். முதல் வரியைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒஸ்திரியாவில் ஒருவர் எழுதிய லத்தீன் தோத்திரம் அது. ஆண்குரல்கள் நான்கு வகை, கூட நான்கு திரொம்போன். திரொம்போன் என்பது இழுத்து இழுத்து ஊதும் பித்தளைக் குழல். எங்கள் மிஷன் பாடசாலையில் அமெரிக்கச் சுவாமியார் ஒருவர் எங்களுக்கு இதே பாட்டைப் பழக்கினார். நான் அடிக்குரல். மட்டக்களப்பில் திரொம்போனுக்கு எங்கே போவது? ஆர்மோனியத்தையும் கறையான் தின்றிருந்தது. நடுவில் திரொம்போன்கள் மட்டும் ஊத வேண்டிய இடம் வரும்போது நாங்கள் வாயை மூடிக்கொண்டு எண்ணுவோம். எட்டுத் தாளக்கட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு அடி. முப்பத்திரண்டு எண்ணி, முப்பத்து மூன்றாவது அடியில் அடிக்குரல்காரர் நாங்கள்தான் முதலில் நுழைய வேண்டும். எண்ணிக்கை ஒருநாளும் பிழைத்ததில்லை. சுரம்தான் பிழைக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழே விழுவோம். சுவாமியார் மேசையில் அடிமட்டக் கோலால் அடித்து, "தவளைகள்! தேடுங்கள், சரியான சுரம் எங்கே என்று தேடுங்கள்!" என்பார்.

அந்த எட்டுத் தாளக்கட்டுக்குள் என்னதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சுவாமியார் கரும்பலகையில் எங்கள் வரியை மட்டும்தான் எழுதினார். மொன்றியல் தாளிலும் அப்படியே: வெறும் கோடு, அதன் மேல் 8 என்று ஒரு இலக்கம்.

"மாமாவுக்கு இது தெரியும்" என்று அருள் சொல்லிவிட்டான். கஸ்தோன் என்னிடம் பிரெஞ்சில் எதையோ கேட்டார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. லத்தீன் ஏழு வருடம் படித்தவன். "காந்தாவி" என்றேன். பாடியிருக்கிறேன் என்று அர்த்தம். அவர் பெரிதாகச் சிரித்து, என் தோளைப் பிடித்து அருளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பதினொன்று பன்னிரண்டாயிற்று.

"ஞாயிற்றுக்கிழமை திருவிழாப் பூசை மாமா. திரொம்போன்காரர் நாலு பேரும் வருவாங்க" என்றான் அருள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். இந்த ஞாயிறு விட்டால் அந்த எட்டுத் தாளக்கட்டை நான் இனி எங்கே கேட்பது? அன்றிரவு சுடுநீரில் உப்புப் போட்டு மூன்று தடவை கொப்பளித்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் திரொம்போன்காரர் வந்தார்கள். இரண்டு பேர் தீயணைப்புப் படை, ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். நான்காவது ஆள் ரெஜான், நகரின் மறுகோடியில், லாசாலில் இறைச்சிக்கடை வைத்திருப்பவர். கதவை மறைக்கிற உடம்பு, எல்லாவற்றிலும் பெரிய குழல் அவருடையது. அவர்கள் குழல்களைத் துடைத்துப் பொருத்தினார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் ஊதலுக்கு மூச்சை இழுத்த நேரம், கீழேயிருந்து ஒரு பெண்மணி படியேறி வந்து இரைந்தார். அருள் எனக்கு மொழிபெயர்த்தான்.

"கீழ் மண்டபத்தில பிங்கோ விளையாட்டு நடக்குதாம் மாமா. இவங்க ஊதினா இலக்கம் கூப்பிடுறது கேக்காதாம். பிங்கோக் காசிலதான் கோயிலுக்குச் சூடு போடுறாங்களாம். ஊதக் கூடாதாம்."

நாங்கள் மெல்லப் பாடினோம். என் எட்டுத் தாளக்கட்டு வந்ததும் நான்கு பேரும் குழலை வாயில் வைக்காமல் இழுவையை மட்டும் முன்னும் பின்னும் அசைத்தார்கள். பித்தளை மின்னியது, சத்தம் இல்லை. மட்டக்களப்பிலும் அதே மௌனம், மொன்றியலிலும் அதே மௌனம். முப்பத்து மூன்றாவது அடியில் அருளும் நானும் நுழைந்தோம், வழக்கம்போலக் கீழே. கஸ்தோன் எங்களைத் திருத்தவே இல்லை; தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். எனக்கு அது அவமானமாக இருந்தது. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

அவருடைய கவலை வேறு. உச்சக்குரல்காரர் மூவரில் இருவருக்குத் தடிமன், மூக்கு ஒழுகல். குரல் தேறாவிட்டால் இந்தப் பாட்டையே விட்டுவிடப் போவதாகச் சொன்னார். ரெஜானுக்கு வீட்டுக்குப் போக அவசரம். முடிவை வந்து சொல்லுங்கள் என்று காரைச் சூடாக்க இறங்கிப் போய்விட்டார். தடிமன்காரருக்கு யாரோ பிராந்தியும் தேனும் கொடுத்தார்கள். அது வேலை செய்தது. "பாடுகிறோம்!" என்று கஸ்தோன் கையைத் தட்டினார்.

மற்றவர்கள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கோட்டுப் போட்டு நின்றேன்.

"மாமா, கீழ போறீங்கதானே? ரெஜானிட்ட நாளைக்கு இரிக்கு எண்டு சொல்லுங்க. 'வி' எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

'வி' என்றால் ஆம். இது எனக்குத் தெரியாதா? இறங்கிப் போனேன். ரெஜான் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சத்தமாக ஏதோ கேட்டார்; அதில் 'நாளை' என்ற சொல் எனக்கு விளங்கியது. வாயைத் திறந்தேன். அந்தக் காற்று தொண்டைக்குள் போனால் என் குரல் என்னாவது என்று பயம் வந்தது. சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு, தலையைத் தாராளமாக ஆட்டினேன்.

"தொமாஷ்!" என்றார் ரெஜான். கையுறை இல்லாத என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். நான் "மெர்சி" என்றேன். அவர் போய்விட்டார்.

தொமாஷ். படியேறும்போது யோசித்துப் பார்த்தேன். தொமினுஸ் என்றால் லத்தீனில் ஆண்டவர். ஆண்டவர் துணை என்பதைத்தான் அந்தப் பெரிய மனிதர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். இறைச்சிக்கடை வைத்திருந்தாலும் எவ்வளவு பக்தி என்று நெகிழ்ந்தேன்.

ஞாயிறு காலை கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே இல்லை. தெரு இல்லை, கார் இல்லை, எதிர்வீட்டுப் படிக்கட்டு இல்லை. இரவு முழுவதும் கொட்டியிருந்தது. ரஞ்சினி பிட்டு அவித்தாள். நான் உற்சாகமாக ரெஜானின் பக்தியைப் பற்றிச் சொன்னேன். அவள் அகப்பையோடு அப்படியே நின்றாள்.

"என்ன சொன்னாரு? மறுகா ஒருக்காச் சொல்லுங்க அப்பா."

"தொமாஷ்."

"ஐயோ அப்பா! தொமாஷ் எண்டா ஆண்டவர் இல்ல. 'அடடா, போச்சே' எண்டு அர்த்தம். மூத்தவளுக்குக் காய்ச்சல், இண்டைக்கு வரமாட்டாள் எண்டு பிள்ளை பார்க்கிற கார்தெறியில சொன்னா, அவங்க அந்தச் சொல்லைத்தான் சொல்லுவாங்க."

தொமினுஸ் இல்லை, தாம்னும். தாம்னும் என்றால் நட்டம். லத்தீனுக்குள்தான் இருந்தேன், பக்கத்துக் கதவைத் தட்டிவிட்டேன்.

"நீங்க 'வி' எண்டு சொன்னீங்கதானே மாமா?" அருளின் குரல் மெலிந்திருந்தது.

"காத்து அடிச்சுது. தலையை ஆட்டினன்."

"எப்பிடி ஆட்டினீங்க? ஒருக்கா ஆட்டிக் காட்டுங்க."

ஆட்டிக் காட்டினேன். மட்டக்களப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் கடைசி வாங்கு வரைக்கும் தெரியும்படி, இடமும் வலமுமாக, மனம் நிறைந்த ஆம். அருள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"மாமா, இஞ்ச அது 'இல்லை'."

ரெஜானின் தொலைபேசி எடுக்கவே இல்லை. கஸ்தோனை அழைத்தோம். அவர் கத்தியது எனக்கே கேட்டது. மற்ற மூவரில் ஒருவர் வராவிட்டாலும் சமாளிப்பாராம். நான்காவது இல்லாமல் பாட முடியாதாம், பாட்டை நிறுத்துவாராம். விலாசத்தை மட்டும் தந்தார். பூசை பதினொரு மணிக்கு. தோத்திரம் காணிக்கை நேரத்தில்.

கீழ்வீட்டில் இருந்த சிவம் யாழ்ப்பாணத்துப் பொடியன். பொடியன் என்றாலும் முன்மண்டை வெளித்திருந்தது. லாசாலில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை, சொந்தக் கார், நெற்றியில் காலையிலேயே திருநீறு. ரெஜானை அவனுக்குத் தெரியாது. அருள் போனால் கோயிலில் அடிக்குரல் இல்லை. அதனால் நான் போனேன். வேறு யார் போனாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

"ஏறுங்கோ மாஸ்டர். அந்தக் கதவு திறவாது, இங்காலப் பக்கம் வாங்கோ. காலைத் தூக்கி கியருக்கு மேலால போடுங்கோ."

"பிரேக் இரிக்கா தம்பி?"

"பிரேக் இருக்கு மாஸ்டர். வைப்பர்தான் ஒண்டு."

அந்த ஒன்று அவன் பக்கம். என் பக்கத்துக் கண்ணாடி முழுக்க வெள்ளை. பலகைகளைப் படிப்பதற்காக நான் யன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன். மீசை விறைத்தது. பெருந்தெருவில் பனி வாரும் லொறிகள் வரிசையாக, மாட்டு வண்டில் வேகத்தில் போயின. அவற்றை முந்தக் கூடாதாம்.

"என்ன சாமான் மாஸ்டர் அந்தாள் ஊதிறது? எங்கட நாதஸ்வரம் மாதிரியோ?"

"இழுத்து ஊதிறது."

"அப்ப இண்டைக்கு இழுபறிதான்" என்று அவனே சிரித்தான். "வேதக்கோயிலுக்கு ஆள் ஏத்தப் போறன். முருகன் கோவிக்க மாட்டார். மாஸ்டர், தயவுசெய்து லொறியை எண்ணாதேங்கோ, எனக்கு ஓட்டம் பிசகுது."

பத்தரைக்கு லாசால். ஒரே அச்சில் வார்த்த மாடிக் கட்டடங்கள். ஒரு வாசலில் பத்துப் பன்னிரண்டு பனி மேடுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கார். நடுவில் மண்வெட்டியோடு ரெஜான், எந்த மேடு தன்னுடையது என்று யோசித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கியருக்கு மேலால் தாவி இறங்கி, முழங்கால் வரை புதைந்து நடந்தேன்.

"வேனி! வேனி! ஹோதியே காந்தாமுஸ்!" என்று கத்தினேன். வா, இன்று பாடுகிறோம்.

அவர் திகைத்துப்போய் ஏதோ கேட்டார். நேற்றைய அதே கேள்வி. என் தலை தன்பாட்டில் வலப்பக்கம் சரியத் தொடங்கியது. சிவம் பின்னாலிருந்து பாய்ந்து என் தாடையைப் பிடித்தான்.

"மேலும் கீழும் மாஸ்டர்! மேலும் கீழும்!"

ஓணான் மாதிரி ஆட்டினேன், கழுத்து நோகும் வரைக்கும். ரெஜான் நேற்று நான் செய்ததைச் செய்து காட்டி, இது என்ன என்பது போலக் கையை விரித்தார். சிவம் தொழிற்சாலைப் பிரெஞ்சில் விளக்கினான்: "எங்கள் ஊரில் அதுதான் ஆம்."

அவ்வளவு பெரிய சிரிப்பை நான் கண்டதில்லை. மண்வெட்டி ஒருபக்கம் போனது. மேல்மாடிப் பலகணியில் நின்ற மனைவியைப் பார்த்துக் கத்தினார். அந்த அம்மா குழல் பெட்டியோடு இறங்கி வந்தார். மற்றக் கையில் கடதாசியில் சுற்றிய, கோதுமை மாவில் சுட்ட அப்பம் இரண்டு. அதன்மேல் ஏதோ மரத்துச் சாற்றில் காய்ச்சிய பாணி ஊற்றியிருந்தது. அவசரத்திலும் ருசி தெரிந்தது. எங்கள் கித்துள் மரத்துப் பாணிக்கு ஒன்றுவிட்ட தம்பி. எருமைத் தயிர்தான் இல்லை. தாடியில் பாணி ஒட்டியதைப் பார்த்து, அந்த அம்மா தன் ஏப்ரனாலேயே என் முகத்தைத் துடைத்தார்.

அவருடைய காரை வெட்டி எடுக்க நேரமில்லை. ரெஜான் முன்னால், நான் பின்னால். பெட்டி என் மடியில் குறுக்காக, அதன் வால் யன்னலுக்கு வெளியே. திறந்த யன்னலால் வந்த பனியெல்லாம் என் முழங்காலில். ரெஜான் குழலின் வாய்த்துண்டை மட்டும் கழற்றி உதட்டில் வைத்து, வழி முழுக்க வண்டு மாதிரி இரைந்துகொண்டு வந்தார்.

"மாஸ்டர், இந்தாள் வாயாலயே கார் ஸ்டார்ட் பண்ணுது" என்றான் சிவம்.

திரும்பும்போது பாதை வாரியிருந்தது. சிவம் ஓட்டிய ஓட்டத்தை ரஞ்சினிக்கு நான் இதுவரை சொல்லவில்லை. கோயில் வாசலில் நிறுத்தி, பெட்டியின் ஒரு முனையை அவனே தூக்கினான். உள்ளே காலெடுத்து வைக்குமுன் பூட்ஸ் இரண்டையும் கழற்றி வாசலில் வைத்தான்.

"இஞ்ச தேவையில்ல தம்பி."

"கோயில் எண்டால் கோயில்தானே மாஸ்டர்" என்று காலுறையோடு படியேறினான்.

மேலே போனால், பிரசங்கம் இன்னும் முடியவில்லை. கஸ்தோன் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார். குருவானவர் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லி நேரத்தை நீட்டிக்கொண்டிருந்தார். கீழே கிழவிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ரெஜான் மாடத்தில் தலையை நீட்டியதும் கஸ்தோன் ஒரு கைக்குட்டையை ஆட்டினார். குருவானவர் வசனத்தின் நடுவிலேயே ஆமென் சொல்லி முடித்தார்.

"மாமா, தண்ணி குடிங்க" என்று அருள் கிசுகிசுத்தான்.

"வேணாம். மூத்திரம் வரும்."

காணிக்கைத் தட்டு எடுக்கத் தொடங்கியதும் கஸ்தோன் கையைத் தூக்கினார். பன்னிரண்டு பேரும் தொடங்கினோம். தடிமன்காரர்கள் இருவரும் முகம் சிவக்கப் பாடினார்கள்; பிராந்தி அன்று காலையும் கொடுக்கப்பட்டிருந்தது என்று நினைக்கிறேன். முதல் பகுதி முடிந்தது. நாங்கள் நிறுத்தினோம். தாளில் என் விரல் அந்த 8இன் மேல் இருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

மூன்று குழல்கள் எழுந்தன. பித்தளை என்றால் கூச்சல் என்று நினைத்திருந்தேன். இது ஆண்கள் பாடுவது போலவே இருந்தது, மூச்சு மட்டும் முடியவே முடியாத ஆண்கள். ஒன்று மேலே போக மற்றது அதன் இடத்தை நிரப்பியது. பதின்மூன்றாவது அடியில் கீழேயிருந்து ரெஜான் வந்தார். அதைக் காதால் கேட்கவில்லை, முதலில் காலால் கேட்டேன். மரத்தளம் சப்பாத்துக்குள் நடுங்கியது. ஓர்கனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிவம் காலுறைக் காலைத் தூக்கித் தளத்தைப் பார்த்தான். அருள் என் கையைப் பிடித்தான். பாடசாலையில் வாயை மூடிக்கொண்டு நின்ற நேரமெல்லாம் இதற்குள்ளேதான் நின்றிருக்கிறேன். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. முடிந்துவிடப் போகிறதே என்று ஆத்திரமாக இருந்தது.

இருபத்தெட்டில் மற்ற மூன்று குழல்களும் ஓய்ந்தன. ரெஜான் மட்டும் நின்றார், ஒரே சுரத்தில், ஆடாமல் அசையாமல். முப்பது. கஸ்தோன் அருளையும் என்னையும் திரும்பிப் பார்த்தார். நேற்று எங்களைத் திருத்தாமல் விட்ட அதே தோள் குலுக்கல். முப்பத்தொன்று. அப்போதுதான் விளங்கியது. அந்தக் குழல் ஊதிக்கொண்டிருந்தது எங்கள் சுரம். அமெரிக்கச் சுவாமியார் மேசையில் அடித்து, இல்லாத இடத்தில் எங்களைத் தேடச் சொன்ன அதே சுரம். தேடவே வேண்டியதில்லை. நான்காவது திரொம்போன் அதைக் கொண்டுவந்து, நாங்கள் வரும்வரை பிடித்துக்கொண்டு நிற்கும்படிதான் பாட்டை எழுதியிருக்கிறார்கள்.

முப்பத்திரண்டு. மூச்சை இழுத்தேன். ரெஜானின் சத்தத்துக்குள்ளேயே வாயைத் திறந்தேன்.